கொடை நோட்டீஸிலிருந்து டெல்லி வரை: நெல்லைச் சீமைக் கலைஞர்களுக்கு சங்கீத நாடக அகாதெமி வழிகாட்டி

போன ஆனி மாதம் பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் ஒரு கணியான் கூத்து அண்ணாவி என்னிடம் கேட்டார்: "ஏ தம்பி, டெல்லியில சங்கீத நாடக அகாதெமின்னு ஒண்ணு இருக்காமே. அங்க உள்ளவனுக்கு மகுடம்னா தலையில வைக்கதா, கையில அடிக்கதான்னு தெரியுமாடே?"

"எழுதிக் கொடுத்தா தெரியும் அண்ணாச்சி" என்றேன். அவர் நம்பவில்லை. டீயைக் குடித்துவிட்டுக் கொடைக்கு, அதாவது ஊர்க் கோயில் திருவிழாவுக்கு, கிளம்பிப் போய்விட்டார். (அண்ணாவி என்றால் கூத்துக் குழுத் தலைவர். மகுடம் என்பது கணியான் கூத்தில் அடிக்கும் வட்டமான தோல்கருவி.)

நான் கலைஞன் இல்லை. அப்பா தவில் வாசித்தார். எனக்குக் கை வரவில்லை, மனு எழுத வந்தது. பல வருஷமாக வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், நாதஸ்வரம், கணியான் கூத்துக்காரர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறேன். அதில் அடிபட்டுத் தெரிந்துகொண்டதை வரிசையாக எழுதுகிறேன். கொடை சீசனில் ராத்திரி முழுக்க வாசித்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர்களுக்கு இதையெல்லாம் தேடிப் பார்க்க நேரம் இருக்காது. வீட்டில் படித்த பிள்ளைகள் யாராவது வாசித்துச் சொல்லட்டும்.

அகாதெமி என்ன செய்யும், என்ன செய்யாது

1952 மே 31 அன்று மத்திய அரசு ஒரு தீர்மானம் போட்டு சங்கீத நாடக அகாதெமியை உண்டாக்கியது. அடுத்த ஆண்டு ஜனவரி 28 அன்று குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். முதல் தலைவர் தென்னாட்டுக்காரர்: சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்த பி.வி.ராஜமன்னார். அலுவலகம் டெல்லி பெரோஸ்ஷா சாலையில், ரவீந்திர பவனில். மத்திய கலாச்சார அமைச்சகத்தின் கீழ் தன்னாட்சியாக இயங்குகிறது. இசை, நடனம், நாடகம் மூன்றும் அதன் வேலை.

முதல் விருதுப் பட்டியலிலேயே காரைக்குடி சாம்பசிவ ஐயரும் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரும் இருந்தார்கள். 1955இல் நாதஸ்வரத்துக்காக டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்குக் கொடுத்தார்கள். நெல்லைச் சீமையில் பிறந்தவர் என்று பெருமையாகச் சொல்ல, 2022இல் மறைந்த சுப்பு ஆறுமுகம் இருந்தார். சத்திரம் புதுக்குளத்துக்காரர். வில்லுப்பாட்டுக்காக 2004இல் அகாதெமி விருது, 2021இல் பத்மஸ்ரீ. ஆனால் அவர் சென்னைக்குப் போய், கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனோடு வேலை செய்து, வானொலியிலும் மேடையிலும் நாடு முழுக்கத் தெரிந்தவர். கிராமக் கொடையை விட்டு நகராமல் நாற்பது வருஷம் வில்லடித்தவர்களும் நம்மிடம் உண்டு. அவர்களுடைய பெயர் டெல்லிக்குப் போகாததற்குத் திறமைக் குறைவு காரணம் இல்லை. போட்ட கூத்துக்குக் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. இந்தக் கட்டுரையில் பாதி அந்தத் தாளைப் பற்றித்தான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகாதெமி மாதச் சம்பளம் கொடுக்கிற இடம் இல்லை. விருது கொடுக்கும், விழா நடத்தும், பதிவு செய்து காப்பகத்தில் வைக்கும், அமைப்புகளுக்கு நிதியுதவி செய்யும். உதவித்தொகை, ஓய்வூதியம், குரு-சீடர் பயிற்சிப் பணம் எல்லாம் பெரும்பாலும் அமைச்சகத்தின் வேறு கைகள் வழியாக வரும். ஊரில் எல்லாவற்றையும் "அகாதெமிப் பணம்" என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறார்கள். அதனால் தவறான வாசலில் போய் நின்று திரும்பி வருகிறார்கள்.

முதல் படி: உங்கள் பெயரை ஒன்றாக்குங்கள்

சிரிக்காதீர்கள். நான் பார்த்ததில் பாதி விண்ணப்பம் இங்கேதான் விழுகிறது.

ஒரு மகுடக் கலைஞர் இருக்கிறார், பெயர் மாடசாமி, அப்பா சுடலைமுத்து என்று வைத்துக்கொள்வோம். ஆதாரில் 'மாடசாமி சு'. ரேஷன் கார்டில் 'சு. மாடசாமி'. வங்கிப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் 'எஸ். மாடசாமி'. கொடை நோட்டீஸில் 'மகுடச் சக்கரவர்த்தி மாடன் அண்ணாவி குழுவினர்'. டெல்லி விண்ணப்பத்தில் முதற்பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒருவர் சாதியை எழுதிவிடுவார், இன்னொருவர் ஊர்ப் பெயரை எழுதிவிடுவார். முடிந்தது கதை. நான்கு தாளில் நான்கு ஆள்.

நானே ஒரு தடவை இதில் கோட்டை விட்டேன். வில்லுப்பாட்டுக்காரர் ஒருவருக்கு நிதி ஒதுக்கீடாகி, வங்கிக் கணக்கில் இருந்த பெயரும் ஆணையில் இருந்த பெயரும் பொருந்தாமல் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. திரும்ப வாங்க ஒன்றரை வருஷம் ஆனது. அந்த விண்ணப்பத்தை நிரப்பியவன் நான்தான். 'எஸ்' என்ற இனிஷியலை விரித்து அப்பா பெயராக எழுதியதும் நான்தான்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஆதாரில் ஆங்கிலத்தில் எப்படி எழுத்துக்கூட்டியிருக்கிறதோ அதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பிருந்தால் முதலில் ஆதாரைத் திருத்துங்கள். அப்புறம் வங்கிப் புத்தகம், பான் அட்டை, நல வாரிய அட்டை எல்லாவற்றையும் அதே எழுத்துக்குக் கொண்டுவாருங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் கட்டாயமென்றால் ஆதாரில் உள்ள இனிஷியலையோ, விரித்த அப்பா பெயரையோ எழுதலாம். எதை எழுதினாலும் அதையே கடைசி வரை எழுதுங்கள். மேடைப் பெயர் வேறு என்றால் 'இன்னார் என்ற இன்னார்' என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள். பிறந்த தேதி இல்லாதவர்கள் நம் கலைஞர்களில் அதிகம். ஆதாரில் ஜனவரி 1 அல்லது ஜூலை 1 என்று போட்டிருப்பார்கள். பரவாயில்லை. எல்லாத் தாளிலும் அதுவே இருக்கட்டும்.

வங்கிக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வருஷக்கணக்கில் பணம் போட்டு எடுக்காத கணக்கு தூங்கிப் போயிருக்கும்.

இரண்டாம் படி: நோட்டீஸ் கோப்பு

அண்ணாவிமார் வீட்டில் இரும்புப் பெட்டியைத் திறந்தால் உடுக்கை, சலங்கை, பட்டு, விபூதிப் பை எல்லாம் இருக்கும். நோட்டீஸ் இருக்காது. கொடை முடிந்த மறுநாள் அது பணியாரம் மடித்த தாளாகிவிடும்.

கொடை விழா நோட்டீஸ்தான் உங்கள் பணி அனுபவச் சான்று. கோயில் பெயர், ஊர், நாள், உங்கள் பெயர், கலை எல்லாம் அச்சில் இருக்கிற ஒரே தாள். வெற்றிலை பாக்கு வைத்து அச்சாரம் கொடுத்துப் பேசுகிற தொழில் நம்முடையது. ரசீது கிடையாது, ஒப்பந்தம் கிடையாது. அதனால் நோட்டீஸை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. ஒரு கொடைக்கு இரண்டு நோட்டீஸ் வாங்கி ஒன்றைப் பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பின்பக்கம் கோயில் வரி வசூலிக்கும் பெரியவரிடம் "இன்னார் இந்த நாளில் வந்து நடத்திக்கொடுத்தார்" என்று இரண்டு வரியும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் மறுக்கமாட்டார், சந்தோஷமாக எழுதித் தருவார்.

இங்கே ஒரு சிக்கல். நம் பக்கத்து நோட்டீஸ்களில் கொல்லம் ஆண்டுதான் போடுவார்கள். 'கொல்லம் 1199 சித்திரை' என்று இருந்தால் டெல்லியில் இருக்கிறவர் அதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை என்றால் 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆடி வரை என்றால் 825 கூட்டுங்கள். 1199 சித்திரை என்றால் 2024 ஏப்ரல். ஒவ்வொரு நோட்டீஸின் ஓரத்திலும் பென்சிலால் ஆங்கிலத் தேதியை எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மூலத்தில் கைவைத்ததாகச் சொல்லுவார்கள்.

பழைய நோட்டீஸ் எதுவும் இல்லை என்றால் கோயில் நிர்வாகிகளிடம் போய்க் கேளுங்கள். நோட்டீஸ் அடித்த அச்சகத்தில் பழைய மாதிரிகளைக் கட்டி வைத்திருப்பார்கள். சங்கரன்கோவில் பக்கத்து அச்சகம் ஒன்றில் ஒரு நையாண்டி மேளக் குழுவின் பதினாறு வருஷ நோட்டீஸை ஒரே மத்தியானத்தில் எடுத்தோம். தூசி தட்டித் தட்டி எனக்குத் தும்மல் நிற்க இரண்டு நாள் ஆனது.

எழுதி வைப்பது நம் மண்ணுக்குப் புதிது ஒன்றும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் எட்டயபுரத்தில் இறந்தார். அந்தப் பரம்பரையில் வந்த சுப்பராம தீட்சிதர் அதே எட்டயபுரத்தில் உட்கார்ந்து கீர்த்தனைகளை ஸ்வரப்படுத்தி 1904இல் சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினியாக அச்சேற்றினார். இன்று தீட்சிதர் கிருதியில் எந்தப் பாடம் சரி என்று பாடாந்தரச் சண்டை வந்தால் வித்வான்கள் போய்ப் பார்க்கிற புத்தகம் அது.

கோப்பில் இன்னும் என்ன வேண்டும்? குரு பற்றிய ஒரு பக்கம். விண்ணப்பத்தில் 'குரு' என்று கேட்பார்கள். "எங்கப்பாட்ட படிச்சேன், அதப் போய் எழுதணுமா?" என்பார்கள். எழுதுங்கள். அப்பா, தாத்தா, மாமா யாரானாலும் பெயர், ஊர், எத்தனை வயதில் தொடங்கினீர்கள், முதலில் என்ன செய்தீர்கள் (தாளம் போட்டதா, குடம் அடித்ததா, பின்பாட்டா) என்று எழுதுங்கள். பரம்பரை என்பது அங்கே தனி மதிப்பெண்.

மூன்றாம் படி: ஒலிப்பதிவும் ஒளிப்பதிவும்

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். தேர்வுக் குழுவில் இருப்பவர் உங்களை நேரில் பார்த்ததில்லை. நீங்கள் அனுப்பும் ஐந்து நிமிடம்தான் நீங்கள்.

கொடையில் எடுத்த வீடியோவை அனுப்பாதீர்கள். குழாய் ரேடியோ அலறும், ஜெனரேட்டர் இரையும், நடுவில் வேட்டுச் சத்தம், முன்னால் யாரோ ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்து நிற்பார். கொடை வீடியோவிலிருந்து ஒரு நிமிடத்தைச் 'சூழல்' என்று தனியாக இணைக்கலாம், அவ்வளவுதான். முதன்மைப் பதிவுக்குக் காலை ஏழு மணி வாக்கில், காற்று அதிகம் இல்லாத நாளில், ஒரு பள்ளிக்கூட வராந்தாவிலோ தோப்பிலோ உட்காருங்கள். கல் மண்டபம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் எதிரொலியில் சொல் கலங்கிவிடும்.

போனைக் கிடைமட்டமாக முக்காலியில் வையுங்கள். மகுடம் என்றால் குறைந்தது பத்தடி தள்ளி. உச்ச மகுடமும் மந்த மகுடமும் சேர்ந்து விழும்போது பக்கத்தில் இருக்கிற போனில் சத்தம் உடைந்து 'கர்ர்' என்று கேட்கும். வில்லுப்பாட்டில் குடம் அதே வேலையைச் செய்யும். குடம் அடிப்பவரை ஒரு பக்கம் சற்றுப் பின்னால் உட்காரவைத்து, பாடுகிற புலவருக்கு நேராகப் போனை வையுங்கள். வில்லில் கட்டிய மணிகள் தனியாகக் கேட்க வேண்டும். கேட்டால் பதிவு சரி என்று அர்த்தம். நாதஸ்வரத்துக்குத் தவிலை விட நாதஸ்வரம் போனுக்கு அருகில் இருக்கட்டும். ஒத்து அல்லது சுருதிப் பெட்டி சத்தம் கேட்கவில்லை என்றால் மறுபடி எடுங்கள்.

வணக்கப் பாட்டிலிருந்து தொடங்க வேண்டாம். சாமி கோபித்துக்கொள்ளும் என்று சிலர் தயங்குவார்கள். காமிராவை நிறுத்திவிட்டுக் காப்பு பாடிவிட்டு, அப்புறம் பதிவைத் தொடங்குங்கள். முதல் பத்து விநாடி உங்கள் பெயர், ஊர், கலை, பதிவு செய்த நாள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு நேராகக் கதையின் சூடான கட்டத்துக்குப் போய்விடுங்கள். முத்துப்பட்டன் கதை என்றால் பட்டன் சண்டைக்குக் கிளம்புகிற இடம். சுடலைமாடன் கதை என்றால் உங்கள் குழுவுக்கு எந்த இடத்தில் தலைகள் ஆடுமோ அந்த இடம்.

இரண்டாவது வீடியோ ஒன்று எடுங்கள். இரண்டு நிமிடம் போதும். கருவியைக் காட்டுவதற்கு. மகுடத்தைத் தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றுவதை எடுங்கள். விரலால் சுண்டிப் பார்த்து, போதாது என்று மறுபடி தீயில் காட்டுவதை எடுங்கள். வில்லுக்காரர் என்றால் மணி கட்டுவதை, வில்லை அடிக்கும் வீசுகோலைப் பிடிப்பதை எடுங்கள். அண்ணாவி ஒருவர் இதை எடுத்தபோது "இதப் போயா பாப்பான்?" என்று சிரித்தார். ஆனால் மகுடம் தலையில் வைப்பதில்லை என்று டெல்லிக்குப் புரியவைப்பது அந்த இரண்டு நிமிடம்தான்.

கூடவே ஒரு பக்கத்தில் கதைச் சுருக்கம் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். இந்தியிலும் இருந்தால் நல்லது. ஊரில் கல்லூரிப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். 'நாட்டார் தெய்வப் பாடல்' என்று பொதுவாக விடாமல், முத்துப்பட்டன் கதைக்கும் பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்தையனார் கோயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று இரண்டு வரியில் சொல்லச் சொல்லுங்கள். கருவியின் பெயரை மொழிபெயர்க்கக் கூடாது. மகுடம் மகுடமாகவே இருக்கட்டும், அளவும் செய்முறையும் பக்கத்தில் வரட்டும்.

நான்காம் படி: உள்ளூர் படிக்கட்டு

டெல்லிக்குப் போகும் கோப்பில் உள்ளூர் முத்திரைகள் இருந்தால் கனம் கூடும். எல்லாமே பாளையங்கோட்டை, திருநெல்வேலி வட்டாரத்திலேயே கிடைப்பவை.

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் சேருங்கள். 2007இல் தொடங்கியது. 18 முதல் 60 வயதுக்குள் உறுப்பினராகலாம். அட்டை கையில் இருந்தால் 'இவர் கலைஞர்' என்று அரசே சொன்ன மாதிரி. பிள்ளைகள் படிப்புக்கும் உதவி உண்டு. அட்டையைப் புதுப்பிக்க மறக்காதீர்கள். முக்கால்வாசிப் பேர் மறப்பது இதைத்தான்.

மாவட்டக் கலை மன்ற விருதுகள் வயதுவாரியாக இருக்கின்றன: 18 வயது வரை கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி, 36 முதல் 50 வரை கலைச் சுடர்மணி, 51 முதல் 65 வரை கலை நன்மணி, அதற்கு மேல் கலை முதுமணி. கலை பண்பாட்டுத் துறையின் திருநெல்வேலி மண்டல அலுவலகத்தில் கேளுங்கள். தென்காசி 2019இல் தனி மாவட்டமாகிவிட்டதால் செங்கோட்டை, கடையநல்லூர்ப் பக்கத்துக்காரர்கள் தங்கள் மாவட்டத்தின் பெயரில் விண்ணப்பிக்க வேண்டும். பழைய முகவரியோடு வருகிற கோப்புகளை நான் இன்னும் பார்க்கிறேன்.

வானொலி. திருநெல்வேலி நிலையம் 1963இல் வந்தது. அதில் பாடியோ வாசித்தோ காட்டும் தேர்வில் தேறினால் தரம் கிடைக்கும்: பி, பி-ஹை, ஏ, டாப். நாதஸ்வரக்காரர்களுக்கு இது பெரிய சொத்து. நாட்டுப்புற இசைக்கும் தேர்வு உண்டு. பெரிய மேளக்காரர்களில் கூட "நம்மள எவன் டெஸ்ட் வைக்கது" என்று போகாமல் இருப்பவர்கள் உண்டு. ரோஷம் நல்லதுதான், ஆனால் விண்ணப்பத்தில் ரோஷத்துக்குக் கட்டம் இல்லை.

பிள்ளைகளுக்கு: திருநெல்வேலியில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம். மூன்றாண்டுச் சான்றிதழ். வீட்டில் கற்றுக்கொள்கிற பிள்ளைக்கும் இந்தத் தாள் பின்னால் உதவும்.

சென்னையில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம். 1955இல் தொடங்கியது. கலைமாமணி அவர்கள் கொடுப்பதுதான். மாநில அளவில் அகாதெமிக்கு ஈடான இடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாம் படி: எந்தக் கட்டம்?

நம் ஊர் நாதஸ்வரக்காரருக்கு இது தலைவலி. காலையில் கோயிலில் தோடி வாசிப்பார், ராத்திரி கரகத்துக்கு நையாண்டி வாசிப்பார். ஒரே சீவாளி, ஒரே மூச்சு. விண்ணப்பத்தில் மட்டும் 'கர்நாடக இசைக் கருவி' என்று ஒரு கட்டம், 'நாட்டுப்புற, பழங்குடி, மரபுக் கலை' என்று இன்னொரு கட்டம். இந்தப் பிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. காருகுறிச்சி அருணாசலம் வாசித்த நாதஸ்வரத்தைக் கேட்க வந்த கூட்டத்தில் முக்கால்வாசி வயல்காட்டிலிருந்து வந்தவர்கள்தான். ஆனால் விண்ணப்பத்தோடு சண்டை போட முடியாது.

என் யோசனை: உங்கள் குரு வழி எதுவோ அதைப் பிடியுங்கள். ராகம், கீர்த்தனை என்று ஒரு வித்வானிடம் முறையாகப் பயின்றிருந்தால் கர்நாடகக் கட்டம். அப்பாவோடு கொடைக்குப் போய்ப் பழகியிருந்தால் நாட்டுப்புறக் கட்டம். அங்கே போட்டியும் வேறு, அளவுகோலும் வேறு. ஒரு வருஷம் இது, அடுத்த வருஷம் அது என்று மாற்றி மாற்றிப் போட்டால் இரண்டிலும் மதிப்பு போகும்.

ஆறாம் படி: வயதுக்கு ஏற்ற வாசல்

பத்திலிருந்து பதினான்கு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது சி.சி.ஆர்.டி. (கலாச்சார அமைச்சகத்தின் பண்பாட்டு வள, பயிற்சி மையம்) நடத்தும் கலைத்திறன் தேடல் உதவித்தொகை. ஆண்டுக்கு 3,600 ரூபாய் பிள்ளைக்கு, குரு கட்டணத்துக்கு 9,000 ரூபாய் வரை. தொகை சிறியதாகத் தெரியும். ஆனால் ஒரு தடவை கிடைத்தால் பட்டப்படிப்பு முடியும் வரை புதுப்பித்துக்கொண்டே போகலாம், 20 வயது வரை. பரம்பரையாகக் கலை செய்கிற குடும்பத்துப் பிள்ளைகளுக்கென்று தனி ஒதுக்கீடு இருக்கிறது. நம் கணியான் வீட்டுப் பிள்ளைகளும் மேளக்கார வீட்டுப் பிள்ளைகளும் அதில்தான் போட வேண்டும். தெரியாமல் பொதுப் பிரிவில் போட்டுவிட்டு நகரத்துப் பிள்ளைகளோடு மோதுகிறார்கள்.

18 முதல் 25 வயது என்றால் இளம் கலைஞர் உதவித்தொகை: மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டு, நாடு முழுவதும் 400 பேருக்கு. குறைந்தது ஐந்து ஆண்டுப் பயிற்சி இருக்க வேண்டும். நேர்காணலில் வாசித்துக் காட்டச் சொல்வார்கள். இந்தி தெரியாதே என்று பயப்பட வேண்டாம். வாசித்துக் காட்டினால் பாதி பதில் ஆகிவிடும், மீதிக்குக் கூடப் போகிறவர் உதவலாம்.

25 முதல் 40 வரை இளநிலை ஆய்வு நல்கை, மாதம் 10,000 ரூபாய். 40க்கு மேல் முதுநிலை, மாதம் 20,000. இரண்டும் இரண்டு ஆண்டு. இதற்கு ஒரு திட்டம் எழுத வேண்டும். 'வில்லுப்பாட்டை வளர்க்கப் போகிறேன்' என்று எழுதினால் கிடைக்காது. 'தாமிரபரணிக் கரையில் இன்ன இன்ன ஊர்களில் இசக்கியம்மன் கதைப் பாடல்களின் பாட வேறுபாடுகளைப் பதிவு செய்வேன்' என்று குறுக்கி எழுதுங்கள்.

அகாதெமி நேரடியாகக் கொடுப்பதில் இளைஞர்களுக்கானது உஸ்தாத் பிஸ்மில்லா கான் இளைஞர் விருது. 2006இல் ஏற்படுத்தியது. 40 வயது வரை, 25,000 ரூபாய். ஷெனாய் வாசித்தவர் பெயரில் உள்ள விருதை நம் நாதஸ்வரக்காரர் ஒருவர் வாங்கிவந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

ஏழாம் படி: குழுவாகப் போவது

தனி ஆளாகக் கேட்க முடியாத சில நிதிகள் அமைப்புகளுக்கு மட்டும்தான். அதற்குச் சங்கம் பதிவு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு உறுப்பினர்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிவு. பிறகு சங்கத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு, நிதி ஆயோக்கின் தர்ப்பண் என்ற தொண்டு நிறுவன இணையதளத்தில் பதிவு எண். பதிவு செய்த மறுநாளே பணம் கேட்க முடியாது. சில ஆண்டுகள் நடத்தி, தணிக்கை செய்த கணக்கைக் காட்ட வேண்டும். ஆகவே இன்றைக்கே பதிவு செய்துவிட்டு ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல் செய்துகொண்டே வாருங்கள்.

ஏழு பேரையும் ஒரே வீட்டிலிருந்து போடாதீர்கள். அண்ணன், தம்பி, மச்சான் என்று இருந்தால் குழு குடும்பச் சொத்தாகத் தெரியும். அதோடு, சண்டை வந்தால் சங்கமும் போய்விடும். ஒரு பள்ளி ஆசிரியரையோ ஓய்வு பெற்ற அஞ்சலகக்காரரையோ பொருளாளராக வையுங்கள். கணக்கு எழுதக் கை பழகியவராக இருக்க வேண்டும்.

அமைச்சகத்தின் குரு-சீடர் மரபு நிதியில் குருவுக்கு மாதம் 15,000 ரூபாய், சீடர்களுக்கு வயதைப் பொறுத்து 2,000 முதல் 10,000 வரை. தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையமும் பயிற்சித் திட்டங்கள் நடத்துகிறது. 1986 முதல் இருக்கிறது. நம்மவர்களுக்கு மொழிச் சிக்கல் இல்லாத மத்திய அரசு வாசல் இதுதான். நேரில் போய்க் கலைஞர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட்டு வாருங்கள். வெளிமாநில விழாக்களுக்கு ஆள் எடுக்கும்போது அந்தப் பட்டியலைத்தான் புரட்டுவார்கள்.

பணம் வந்தால் பில் சேருங்கள். வேன் வாடகை, சாப்பாடு, ஒலிபெருக்கி, எல்லாவற்றுக்கும். பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்காமல் அடுத்த தவணை வராது. கோழிக்கறிக் கடைக்காரர் பில் தரமாட்டார் என்றால் வவுச்சரில் கையெழுத்து வாங்குங்கள்.

எட்டாம் படி: பெரிய விருது

அகாதெமி விருதுக்கு "எனக்குக் கொடுங்கள்" என்று நாமே மனுப் போடுவது வழக்கமில்லை. முன்பு விருது வாங்கியவர்கள், பொதுக்குழு உறுப்பினர்கள், மாநில அரசு, கலை அமைப்புகள் ஆகியோர் பரிந்துரைக்க வேண்டும். 35 வயதுக்குக் குறைந்தவருக்குக் கிடையாது. விருதோடு 1 லட்சம் ரூபாய், தாமிரப் பட்டயம், அங்கவஸ்திரம். அதற்கும் மேலே அகாதெமி ரத்னா எனப்படும் உறுப்பாண்மை (ஃபெலோஷிப்), 3 லட்சம் ரூபாய்.

நீங்கள் செய்யக்கூடியது, பரிந்துரைக்கக்கூடியவரின் கையில் தயாரான கோப்பைக் கொடுப்பது. இரண்டு பக்கம் வாழ்க்கைக் குறிப்பு, நல்ல பதிவு, சீடர்கள் பட்டியல். விருது வாங்கிய ஒரு மூத்த வித்வானைப் பார்க்கப் போனால் பழத்தட்டோடு இந்தக் கோப்பையும் கொண்டுபோங்கள். அவர் மனசு வைத்தாலும் உட்கார்ந்து உங்கள் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கமாட்டார்.

நடுவில் ஒருவர் வருவார். "டெல்லியில ஆள் இருக்கு, அம்பதாயிரம் கொடுத்தா விருது" என்பார். போனை வைத்துவிடுங்கள். இந்த வேலைகளில் விண்ணப்பத்துக்குக் கமிஷன் என்று ஒன்று கிடையாது. இ-சேவை மையத்துக் கட்டணமும் தபால் செலவும்தான்.

பெரியவர்களுக்கு

நலிந்த கலைஞர்களுக்கு மாநிலத்தில் மாதம் 3,000 ரூபாய் உதவி உண்டு, இயல் இசை நாடக மன்றம் வழியாக. முதலில் இதை வாங்குங்கள். மத்திய அரசின் மூத்த கலைஞர் உதவி 60 வயதுக்கு மேல், அதிகபட்சம் மாதம் 6,000 ரூபாய். இரண்டுக்கும் தாசில்தாரின் வருமானச் சான்று வேண்டும். ஒவ்வொரு வருஷமும் உயிரோடிருப்பதற்கான சான்றும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்டதும் ஒரு பாட்டையா, குடம் அடித்தவர், "நான் இருக்கேன்னு நானே போய்ச் சொல்லணுமாக்கும்" என்றார். ஆமாம், போய்த்தான் சொல்லணும். நவம்பருக்குள் சொல்லிவிடுங்கள்.

அனுப்பிய பிறகு

ஆன்லைன் என்றால் கடைசி நாளைக்கு முந்தைய வாரமே முடியுங்கள். கடைசி ராத்திரி தளம் தூங்கிவிடும். விண்ணப்ப எண்ணைப் படமெடுத்து இரண்டு பேர் போனில் வையுங்கள். மின்னஞ்சல் முகவரி உங்கள் சொந்தப் பெயரில் இருக்கட்டும், கடைக்காரரின் முகவரியைக் கொடுக்காதீர்கள். நேர்காணல் கடிதம் அவருக்குப் போய், அவர் கடையை மாற்றிக்கொண்டு போன கதை எனக்குத் தெரியும். தபால் என்றால் ஸ்பீடு போஸ்ட், ரசீது கோப்பில். மூன்று மாதம் கழித்துப் பதில் இல்லையென்றால் விண்ணப்ப எண்ணோடு ஒரு மின்னஞ்சல். கிடைக்கவில்லையென்றால் அதே கோப்பில் புது நோட்டீஸ்களைச் சேர்த்து அடுத்த வருஷமும் போடுங்கள்.

அந்த மகுடத்து அண்ணாவி பங்குனியில் போன் பண்ணினார். பின்னால் கொட்டுச் சத்தம். "ஏ தம்பி, இந்தக் கொடைக்கு நோட்டீஸ்ல ஆதார்ல உள்ள மாதிரியே பேரு போடச் சொல்லிட்டேன். அச்சாபீஸ்காரன் சக்கரவர்த்திய எடுத்துட்டான்வே, அதுதான் கொஞ்சம் சங்கடமா இருக்கு."

"அடைப்புக்குறிக்குள்ள போடச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.